குசினி பிரபு இல்லம்

துறைமுகத்தை ஒட்டிய தெருவுக்கு வரலாறு இல்லை என்பதைக் கரையோர வரலாற்று மீட்பு வாரியம்தான் முதலில் கண்டுபிடித்தது. அதுவரை தெருக்காரர்களுக்கு அது தெரியாது. பழைய துறைமுகத்து வாசலில் தொடங்கி, உப்புக் கிட்டங்கி, கயிற்றுக் கடை, தோணி ஆபீஸ் என்று நீண்டு, குருசடி என்னும் சிலுவைக் கோயிலில் முடியும் தெரு அது. போர்ச்சுகீசுக்காரர்கள் வந்தார்கள், டச்சுக்காரர்கள் வந்தார்கள், இங்கிலீஷ்காரர்கள் வந்தார்கள். முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் சிப்பியைக் குவித்து அழுகவிட்டார்கள். வந்தவர்கள் நாற்றம் பொறுக்காமல் தள்ளிப் போய் வீடு கட்டிக்கொண்டார்கள். தெருவில் இருந்தவர்கள் கடலில் மூழ்கினார்கள், மூட்டை சுமந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், செத்தார்கள். வாரியம் இதையெல்லாம் ஆராய்ந்து, இங்கே பெரிய மனிதர் எவரும் வாழ்ந்ததற்குத் தடயம் இல்லை என்று முடிவு செய்தது. பெரிய மனிதர் வாழாத தெருவைப் பாரம்பரியத் தெருவாக அறிவிக்க விதியில் இடமில்லை. ஆனால் பாரம்பரியத் தெருவுக்கான விளக்குக் கம்பங்கள் ஏற்கெனவே லாரியில் வந்து இறங்கிவிட்டன.

ஆகவே ஒரு பெரிய மனிதர் அவசரமாகத் தேவைப்பட்டார். அவரைத் தேடிவர ஆய்வு அலுவலர் வேல்விழியை வீடு வீடாக அனுப்பினார்கள்.

வேல்விழி சென்னையில் பிறந்து, சென்னையில் படித்து, விடுதிச் சாப்பாட்டில் வளர்ந்தவர். பாஸ்கலின் வீட்டுக்கு அவர் வந்தபோது பாஸ்கல் வாசலில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலங்களுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்க்கொண்டிருந்த ஆள். சரக்கு சரிந்து கால் நசுங்கிய பிறகு கரையோடு சரி. மனைவி பேபி சமைப்பாள், பாஸ்கல் பொட்டலம் கட்டுவார், துறைமுகத்து லோடுமேன்கள் வந்து வாங்கிப் போவார்கள். சோறு, மீன் குழம்பு, ஒரு கூட்டு. அந்த வீட்டின் வரும்படி அவ்வளவுதான். அந்த அடுப்பு அணைந்தால் வீட்டில் எரிவதற்கு வேறு எதுவும் கிடையாது.

வேல்விழி வாசலில் நின்றபடியே முற்றத்துக்கு அப்பால் எட்டிப் பார்த்தார். கடல்கல்லும் சுண்ணாம்புமாகத் தடித்த சுவர், மேலே ஓட்டுக்கூரை.

“ஐயா, பின்னாடி அந்தப் பழைய கட்டடத்துல யாரு?”

“அங்கனயா? அது குசினி.”

“குசினியா?”

“ஆமா மேடம். குசினிதான்.”

வேல்விழி செல்போனில் பதிவை அமுக்கினார். “எவ்வளவு காலமா இருக்கார்?”

சென்னைக்காரர்கள் அடுக்களைக்குக்கூட மரியாதை கொடுத்துப் பேசுவார்கள் போலிருக்கிறது என்று பாஸ்கல் நினைத்துக்கொண்டார். “எங்க பூட்டனாருக்கும் முன்னால இருந்தே இருக்கு. போர்ச்சுகீசுக்காரன் காலம்னு சொல்லுவாவ.”

“எப்படிப்பட்டவர்னு ஏதாவது சொல்லுவாங்களா?”

“ஒரே பொகைதான். பொகை இல்லாம ஒரு நாள் கிடையாது. மத்தபடி குறை சொல்லக் கூடாது பாத்துக்கிடுங்க. பசின்னு வந்தவன் எவனையும் சும்மா அனுப்புனது இல்ல. தோணிக்காரன், சுமட்டுக்காரன், சாமியாரு, அம்புட்டு பேரும் இங்கன தின்னவந்தான்.”

“தனியாத்தான் இருந்தாரா?”

“முன்ன சின்னக் குசினி ஒண்ணு உண்டு. அந்தா, கெணத்துப் பக்கம். ஒரு புயல்ல விழுந்துட்டு. பொறவு எந்திரிக்கவே இல்ல.”

வேல்விழி கிணற்றுப் பக்கம் பார்த்துத் தலை குனிந்தார். பிறகு தணிந்த குரலில், “இப்போ யாரு பாத்துக்கிறாங்க?” என்று கேட்டார்.

“பேபிதான். காலையில உள்ள போனான்னா சாயங்காலந்தான் வெளிய வருவா. இருங்க மேடம், ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க.”

வேல்விழிக்கு அடுத்த வீடு இருந்தது. அவர் சாப்பிடவும் இல்லை, உள்ளே போய்ப் பார்க்கவும் இல்லை. வாரியத்தின் நடைமுறையில் முதல் கட்டம் வாய்மொழி. உள்ளே போய்ப் பார்ப்பது மூன்றாம் கட்டம். இரண்டாம் கட்டத்திலேயே அரசாணை வந்துவிட்டது.

‘கரையோரப் பெருவள்ளல் குசினி பிரபு’ என்ற அவருடைய அறிக்கை இப்படிச் சொன்னது: போர்ச்சுகீசியப் பிரபு குலத்தைச் சேர்ந்த குசினி இத்தெருவில் குடியேறி, உள்ளூர் மக்களுடன் ஒன்றி வாழ்ந்தார். புகைபிடிக்கும் பழக்கம் உடையவர். நாடி வந்தோர்க்கெல்லாம் உணவளித்தார். அவருடைய மகன் சின்னக் குசினி ஒரு புயல் நாளில், கிணற்றருகே நடந்த மோதலில் வீழ்ந்தார். பிரபுவின் நினைவிடத்தில் பேபி என்னும் உள்ளூர்ப் பெண் இன்றளவும் பகல் முழுவதும் தவமிருக்கிறார். அடிக்குறிப்பில் ஒரு விளக்கமும் இருந்தது. இப்பகுதி மக்கள் பிரபுவை ‘அவர்’ என்னாமல் ‘அது’ என்றே குறிப்பிடுகின்றனர். அளவற்ற மரியாதை கொண்டோரை அஃறிணையில் வழங்கும் அரிய பேச்சு மரபு இது. தனி ஆய்வுக்குரியது.

ஒரு காலையில் வாரியத்தின் ஆட்கள் வந்து முற்றத்தின் குறுக்கே கயிறு கட்டினார்கள். வீட்டு வாசலில் நீல நிறத்தில் ‘குசினி பிரபு இல்லம்’ என்று போர்டு வைத்தார்கள். உள்ளே இருந்த சிலிண்டர், கிரைண்டர், குண்டான், சட்டி, அரிவாள்மணை எல்லாவற்றையும் ‘பிற்காலச் சேர்க்கைகள்’ என்று சொல்லி வண்டியில் ஏற்றினார்கள். அடுப்பைத் தூக்க முடியவில்லை. அதற்குப் ‘பலிபீடம்’ என்று எழுதி ஒரு சீட்டு ஒட்டினார்கள். பிரபுக்கள் கரி படிந்த சுவருக்குள் வாழ்வதில்லை என்பதால் சுவரைச் சுரண்டி வெள்ளை அடித்தார்கள். உள்ளே தீ மூட்டக் கூடாது, தண்ணீர் கொட்டக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. மீறினால் வீடு மொத்தமும் வாரியத்தின் கைக்குப் போய்விடும் என்று கதவில் எழுதி ஒட்டினார்கள்.

பேபி கழுவிய அரிசியை வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றாள்.

“அந்தப் புள்ளகிட்ட என்ன சொன்னீய?”

“குசினின்னு சொன்னேன்.”

“வேற?”

“வேற ஒண்ணுஞ் சொல்லல.”

“அடுக்களைன்னு சொல்லித் தொலச்சிருக்கலாம்லா.”

“நம்ம வீட்டுல யாருளா அடுக்களைன்னு சொல்லுதா?”

அன்றைக்கு லோடுமேன்கள் வந்து போர்டை வாசித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒருவன் மட்டும், “பிரபு இருக்கும்போது சோறு போட்டாராம், செத்த பொறவு போட மாட்டாரோ?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

பாஸ்கல் வாரிய அலுவலகத்துக்குப் போனார். தலைவர் ஜெயசிங் அவரை எழுந்து நின்று வரவேற்றார். ஓய்வுபெறச் சொற்ப காலமே இருந்த அதிகாரி அவர். மேசையில் குசினி பிரபுவின் சிலைக்கான களிமண் மாதிரி இருந்தது. ஒரு கையில் முத்து, ஒரு கையில் வாள். முகம் அச்சாக ஜெயசிங்கின் முகம். சிற்பிக்கு முகம் பார்க்க வேறு ஆள் கிடைக்கவில்லையாம்.

“சார், குசினின்னா அடுக்களை” என்றார் பாஸ்கல்.

“தெரியும்.”

பாஸ்கல் தான் சரியாகச் சொல்லவில்லையோ என்று நினைத்து, “சமைக்குற இடம் சார்” என்றார்.

“தெரியுது பாஸ்கல். நானும் இந்த ஊர்க்காரன்தான? எங்க எதுத்த வீட்டுல குசினின்னுதான் சொல்லுவாவ. ரிப்போர்ட்டைப் படிச்ச அன்னைக்குக் கதவைச் சாத்திக்கிட்டுச் சிரிச்சேன்.”

“அப்ப சொல்லியிருக்கலாம்லா சார்?”

“யார்கிட்ட? ரிப்போர்ட் வாரதுக்கு முன்னால சொன்னா அது தகவல். வந்த பொறவு சொன்னா ஆட்சேபம். ஆட்சேபம்னா கமிட்டி போடணும். கமிட்டி கூடுனா, இத்தனை நாள் நீ என்ன பாத்தேன்னு என்னையத்தான் முதல்ல கேப்பான்.” ஜெயசிங் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலில் கனிவு வந்தது. “ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. நடந்ததெல்லாம் வரலாறு கிடையாது. நடந்ததை எல்லாம் வைக்க நம்மகிட்ட இடமில்ல. அப்ரூவல் ஆனதுதான் வரலாறு. இந்தக் கடல்ல சிப்பிக்கு முங்கி மூச்சு முட்டிச் செத்தவன் எத்தனை பேரு? ஒருத்தன் பேரு எங்கயாவது இருக்கா? இல்ல. ஏன்? அவனுக்காக யாரும் பைல் போடல. உங்க குசினிக்கு நான் போட்டிருக்கேன். அதுக்கு நியாயமா நீங்க எனக்கு மாலை போடணும்.”

“நாங்க எங்கன சார் சமைக்க?”

“அது வேற டிபார்ட்மெண்ட்.”

வேண்டுமானால் குசினி பிரபு என்று ஒருவர் இருந்ததில்லை என்பதற்கு உரிய அலுவலகத்தில் சான்று வாங்கி வரலாம், பரிசீலிக்கிறோம் என்றார் ஜெயசிங். பாஸ்கல் உரிய அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்தவர், ஓர் ஆள் இல்லை என்று சான்று தர அந்த ஆளின் அடையாளச் சான்று ஏதாவது வேண்டும் என்றார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே உதவ முயன்றார். போட்டோ இருந்தாலும் பரவாயில்லை என்றார்.

பேபி தெருவோரத்தில் மூன்று கல்லை வைத்துச் சமைத்துப் பார்த்தாள். பிரபு இல்லத்தின் முகப்புத் தோற்றம் கெடுகிறது என்று கல்லை எடுத்துப் போனார்கள். லோடுமேன்கள் எதிர்க்கடைக்குப் பழகிவிட்டார்கள். அது அம்புரோஸின் கயிற்றுக் கடை. இப்போது அதற்குப் பெயர் குசினி பிரபு பிரியாணி. அம்புரோஸ் பாஸ்கலோடு ஒரே தோணியில் போன ஆள். பாஸ்கல் தெருவில் நடந்தால் கல்லாவில் இருந்தபடியே கூப்பிடுவான்.

“ஏலே பிரபு வம்சம், சாப்பிட்டியாலே?”

“குசினின்னா என்னன்னு ஒனக்குத் தெரியாதாலே?”

“தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய? கயிறு வித்தா நாளைக்கு ரெண்டு பேரு வாரான். பிரபு பேரச் சொன்னா பஸ்ல வாரான். நீயும் ஏதாவது வித்துப் பொழச்சுக்கோ. சின்னக் குசினி விழுந்த கெணத்துத் தண்ணின்னு பாட்டில்ல போடு, நான் வித்துத் தாரேன்.”

பிரபுவுக்கு உரிமை கொண்டாடி இரண்டு சங்கங்கள் கிளம்பின. பிரபு எங்கள் குலத்தில் பெண் எடுத்தவர் என்று ஒன்று சொன்னது. எங்கள் குலத்தில் மட்டும்தான் எடுத்தார் என்று மற்றது சொன்னது. பேருந்து நிறுத்தத்தில் கைகலப்பு நடந்து ஒருவனுக்கு மண்டை உடைந்தது. போலீஸ் பாஸ்கலைக் கூப்பிட்டு, பிரபுவின் மனைவிமார் யார் யார் என்று விசாரித்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் மெழுகுவர்த்திகள் எரியத் தொடங்கின. பிரபுவை வேண்டியதில் யாரோ ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியதாம். குருசடிக்குப் போகும் வழியில் ஒரு நாள் பாஸ்கல் தன் வீட்டு போர்டின் முன்னால் நின்று தலைத்துண்டை அவிழ்த்தார். ஏன் அவிழ்த்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை. மறுபடி கட்டிக்கொண்டு நடந்தார்.

பேபி வேம்பார் பக்கத்து உப்பளத்துக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். விடியுமுன் பஸ், பொழுது சாய்ந்து திரும்பும் பஸ். உப்புத்தண்ணீரில் நின்று நின்று கால்விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் அம்புரோஸ் கடைப் புரோட்டாவைத் தின்றுவிட்டு எண்ணெய் தடவிக்கொண்டு படுத்துவிடுவாள். வாழ்நாள் முழுக்க ஊருக்குச் சமைத்தவள் கடைப் புரோட்டாவைப் பிய்த்துத் தின்பதைப் பார்க்க முடியாமல் பாஸ்கல் வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். வாசலில் போர்டு இருந்தது.

திறப்பு விழாவுக்கு டெல்லியிலிருந்து பெரிய விருந்தினர் ஒருவர் வந்தார். பாதுகாப்புக்காகத் தெருவின் இரண்டு முனைகளையும் அடைத்தார்கள். வேம்பார் பஸ் ஓடவில்லை. அதனால் பேபி அன்று வீட்டில் இருந்தாள்.

சிலை திறக்கப்பட்டது. ஜெயசிங்கின் முகத்துக்கு ஜெயசிங் மாலை போட்டார். பிறகு பேசினார். “இந்தத் தெரு பல நூற்றாண்டுகளாக அநாதையாகக் கிடந்தது. இங்கே மக்கள் வாழ்ந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் மக்கள் எல்லா ஊரிலும்தான் வாழ்கிறார்கள். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? வாரியம் இந்தத் தெருவை மக்களிடமிருந்து மீட்டு வரலாற்றிடம் ஒப்படைத்திருக்கிறது.” கைதட்டல் நீண்டது. கயிற்றுக்கு அப்பால் நின்ற தெருக்காரர்களும் தட்டினார்கள். அவர்களைத் தட்டுவதற்காகத்தான் அங்கே நிறுத்தியிருந்தார்கள்.

கைதட்டல் ஓயும்போதுதான் செய்தி வந்தது. விருந்துச் சாப்பாட்டு வண்டியை முனையில் நிறுத்திவிட்டார்கள். வண்டிக்கு அனுமதி இருந்தது, டிரைவருக்கு அனுமதி இருந்தது, சாப்பாட்டுக்கு இல்லை. விருந்தினருக்குச் சர்க்கரை வியாதி. வேளைக்குச் சாப்பிடாவிட்டால் மயங்கிவிடுவாராம். அம்புரோஸின் பிரியாணியை விருந்தினரின் டாக்டர் முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார்.

ஜெயசிங் வேர்க்க விறுவிறுக்கப் பாஸ்கலின் வீட்டுக்குள் வந்தார்.

“பேபி, என் கூடப்பிறந்தவ மாதிரி நெனச்சுக் கேக்கேன். கொஞ்சம் சோறு, ஒரு மீன் குழம்பு.”

“எங்கன வச்சுச் சமைக்க?”

“உள்ளதான்.”

“உள்ள பிரபுல்லா இருக்காரு.”

“நேரமில்ல பேபி.”

“அது என்னன்னு ஒங்க வாயால சொல்லுங்க. சமைக்கேன்.”

ஜெயசிங் வாசலைத் திரும்பிப் பார்த்தார். யாரும் அருகில் இல்லை. “குசினி” என்றார் மெதுவாக.

“குசினின்னா?”

“அடுக்களைம்மா. அடுக்களை. போதுமா?”

“பேபி, ஒரு நேரந்தானளா” என்றார் பாஸ்கல். அவர் முகத்தில் பல நாளைக்குப் பிறகு தெளிவு வந்திருந்தது. அதிகாரி வாயாலேயே சொல்லிவிட்டார், இனி அடுப்பு திரும்பிவிடும் என்று நம்பினார். பேபி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே போனாள். பலிபீடத்துச் சீட்டைக் கிழித்து அடுப்புக்குள் போட்டாள். சிலிண்டர் இல்லை. விளக்குக் கம்பங்கள் வந்த மரப்பெட்டிகளை உடைத்து எரித்தாள். அக்கம்பக்கத்திலிருந்து சட்டி வந்தது, மசாலா வந்தது. பாஸ்கல் நொண்டிக்கொண்டே கரைக்குப் போய் விளமீன் வாங்கி வந்தார். பெட்டியெல்லாம் காயாத பலகை, அரக்குப் பூச்சு. புகை கூரை வழியாகக் கிளம்பித் தெருவையே மூடியது. மேடையில் இருந்த விருந்தினர் புகையைப் பார்த்து, இது நிகழ்ச்சியின் ஒரு பகுதியா என்று கேட்டார். ஆமாம் என்றார்கள்.

தண்ணீர் கேட்டு உள்ளே வந்த வேல்விழி கதவருகே நின்றுவிட்டார். அந்தக் கட்டடத்துக்குள் அவர் வருவது அதுதான் முதல் தடவை. அடுப்பைப் பார்த்தார், அதற்கு மேலே கூரையில் விட்டிருந்த புகைவழியைப் பார்த்தார்.

“அம்மா, இது என்ன இடம்?”

“குசினி, தாயி.”

“குசினின்னா?”

“நீ நிக்கியே, இதுதான். சோறு வேகுற இடம்.” பேபி கரண்டியை உதறினாள். “ஏன் மூஞ்சி இப்படிப் போவுது? சாப்பிட்டியா இல்லியா?”

வேல்விழிக்கு அந்த அறிக்கையால் பதவி உயர்வு கிடைத்திருந்தது. குசினி பிரபுவைப் பற்றிய ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் பதிந்திருந்தார். அங்கேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. புகைதான் என்றார். இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார்.

விருந்தினர் விரலை நக்கிச் சாப்பிட்டார். இப்படி ஒரு சுவை நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு பிரபுவின் பந்தியில் இருந்திருக்கிறது என்று வியந்து, வாரியத்துக்குக் கூடுதல் நிதி அறிவித்துவிட்டுப் புறப்பட்டார்.

கார்கள் போன பிறகு ஜெயசிங் உள்ளே வந்து பார்த்தார். வெள்ளை அடித்த சுவர் நாலு பக்கமும் கரியாகிக் கிடந்தது. கூடுதல் நிதி என்றால் கூடுதல் தணிக்கை. தணிக்கைக்காரர்கள் முதலில் சுவரைத்தான் பார்ப்பார்கள். அவர் எச்சில் இலைகளை ஒதுக்கிவிட்டு விருந்து மேசையிலேயே உட்கார்ந்தார். வேல்விழியைத் தாளும் பேனாவுமாகக் கூப்பிட்டார். பாஸ்கலையும் பேபியையும் எதிரில் நிற்கவைத்தார்.

“நினைவுச் சின்னத்துக்குள்ள தீ மூட்டியிருக்கீங்க. கதவுல ஒட்டியிருக்கதைப் படிச்சீங்கல்ல?”

பேபிக்குப் புரிந்துவிட்டது. “நீங்கதான சமைக்கச் சொன்னீய?”

“சொன்னதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?”

“அடுக்களைன்னு ஒங்க வாயாலதான சொன்னீய?”

“பேபி, எனக்கு உங்க மேல ஒரு வருத்தமும் கிடையாது. குழம்பு பிரமாதம். அது வேற, இது வேற. சுவரு கருத்திருக்கு. கருத்ததுக்கு ஒரு ஆள் வேணும். நான் ஆளாக முடியுமா? நான்தான் தலைவர்.” அவர் பல்லிடுக்கில் ஒரு முள் மாட்டியிருந்தது. நாக்கால் அதைத் துழாவிக்கொண்டே பாஸ்கலிடம் திரும்பினார். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஒத்துக்கிட்டா வீட்டைக் காலி பண்ண அவகாசம் வாங்கித் தாரேன். இல்லைன்னு சொன்னா விசாரணை, வழக்குன்னு போவும். பொய் சொல்லாதீங்க. இன்னைக்குக் குசினியில சமைச்சது உண்டா?”

பாஸ்கல் அந்தக் கேள்வியைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அதில் என்ன குற்றம் இருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. பேபியைப் பார்த்தார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேல்விழி தலை நிமிரவில்லை.

“குசினியில சமைக்காம வேற எங்கன சார் சமைக்க?” என்றார்.

“ஒப்புக்கொண்டார்னு எழுதும்மா.”

வேல்விழி எழுதினார்.